ஆர்ட்பெக் 10: புகைக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், தெற்குக் கரையோரமாக மூன்று வடிசாலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன: லாஃப்ரோய்க், லகாவுலின், ஆர்ட்பெக். மூன்றுமே புகை விஸ்கிக்குப் பேர்போனவை. இவற்றில் ஆர்ட்பெக்தான் பலமுறை மூடித் திறக்கப்பட்டது. 1997-இல் கிளென்மொரஞ்சி நிறுவனம் வாங்கிய பிறகுதான் நிலைத்தது. அதன் 10 வருட விஸ்கி 46 சதவீத ஆல்கஹாலில் வருகிறது, குளிரவைத்து வடிகட்டுவதில்லை. இந்த இரண்டும் ருசிக்கும் விதத்தையே மாற்றுகின்றன.

முதலில் பலரும் கேட்பது பிபிஎம் எண்ணைத்தான்: புகை வாசம் தரும் ஃபீனால்கள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஆர்ட்பெக் மால்ட் (முளைகட்டிய பார்லி) ஏறக்குறைய 55, லகாவுலின் 35. அப்படியென்றால் ஆர்ட்பெக் ஒன்றரை மடங்கு புகையா? இல்லை. அந்த அளவு, பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகையில் காயவைத்த பார்லி மால்ட்டில் எடுத்தது, பாட்டிலில் எடுத்ததல்ல. அந்த மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைக்கும்போதே ஒரு பங்கு சக்கையோடு போய்விடும். வடிக்கும்போது ஃபீனால்கள் பிந்தித்தான் வரும்; எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். போதாக்குறைக்கு, ஆர்ட்பெக்கின் இரண்டாம் வடிப்பு வாலையில் (வடிகலத்தில்) ஒரு 'பியூரிஃபையர்' இருக்கிறது. கனமான ஆவி அதில் குளிர்ந்து, திரவமாகி, திரும்ப வாலைக்கே இறங்கும். கிளாஸில் எலுமிச்சை வாசம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடிக்கும் முறைக்கு வருவோம். வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ், 25 மி.லி., அறை வெப்பம். ஊற்றியதும் ஐந்து பத்து நிமிஷம் விடுங்கள். ஒயின் மாதிரி வேகமாகச் சுழற்றினால் ஆல்கஹால்தான் முதலில் எழும்பி மூக்கைச் சுடும். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, விளிம்புக்கு மேலே மூக்கைக் கொண்டுபோனால் போதும். முதலில் தாரும் கரியும் வரும். இத்தோடு நிறுத்துபவர்கள்தான் 'ஆஸ்பத்திரி நாத்தம்' என்று கிளாஸைத் தள்ளிவைப்பது. சற்று நேரத்தில் மூக்குக்குப் புகை பழகிவிடும். அதன்பிறகு எலுமிச்சைத் தோல், புகையிட்ட மீன், போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயிலிருந்து வந்த வனிலா என ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதல் மடக்கு நாக்கைப் பழக்கத்தான். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். இரண்டாவதைச் சில விநாடி வாயில் வைத்திருங்கள். தித்திப்பு முன்னால், மிளகுக் காரம் நடுவில், பிறகு உப்பும் காப்பிக் கசப்பும். விழுங்கிய பிறகு சாம்பல் வாசம் நெடுநேரம் நிற்கும்.

இனி தண்ணீர். 25 மி.லி.யில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., விட்டால் 46 என்பது 38 சதவீதமாகிவிடும். இது பாதி டீஸ்பூனில் தொடங்க வேண்டிய சரக்கு. புகை வாசம் தரும் குவையகால் என்ற பொருள், ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது என்று 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டினார்கள். தண்ணீர் விட்டதும் மணம் தூக்கலாவதற்கு இது பொருத்தமான விளக்கம். ஆனால் ஒரேயடியாக விட்டால் நடுவில் வரும் மிளகுதான் முதலில் தொலையும்.

தண்ணீரோ ஐஸோ சேர்ந்ததும் கலங்கினால் போலி என்று பயப்பட வேண்டாம். குளிர் வடிகட்டலில் நீங்கியிருக்க வேண்டிய கொழுப்பமில எஸ்டர்கள் திரண்டு வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். வாயில் எண்ணெய்ப்பதம் தருவதும் அவையே. ஐஸ் மட்டும் வேண்டாம்: குளிரில் எலுமிச்சையும் வனிலாவும் அமுங்கி, சாம்பல் கசப்பு மட்டும் மிஞ்சும், கொடுத்த காசுக்கு அது நியாயமில்லை. சோடா பரவாயில்லை, ஒன்றுக்கு மூன்று, ஒரு கீற்று எலுமிச்சைத் தோல்.

குறை இல்லாமல் இல்லை. தண்ணீர் விடாமல் குடித்தால் இளம் சரக்கின் சுருக்கென்ற கடி தெரிகிறது. லகாவுலின் 16-இன் நிதானமும் கனமும் இதில் கிடையாது. மறுபக்கம், 40 சதவீத லாஃப்ரோய்க் 10 இதன் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் மெலிந்து தெரியும். மூன்றையும் ஒரே நாளில் ருசிப்பதானால் ஆர்ட்பெக்கைக் கடைசியில் வையுங்கள். இதற்குப் பின் வேறெதுவும் நாக்கில் ஏறாது.

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். பாதிக்குக் கீழே இறங்கி மாதக்கணக்கில் கிடந்தால் புகை சோர்ந்துவிடும். சின்ன பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மாற்றிவிடலாம். இதே புகையோடு ஷெர்ரி பீப்பாயின் உலர்திராட்சையும் கேட்பவருக்கு அதே வடிசாலையின் ஊகடால் என்ற விஸ்கி இருக்கிறது. அது 54.2 சதவீதம்: 25 மி.லி.க்கு 9 மி.லி. தண்ணீர் விட்டால்தான் 40-க்கு இறங்கும்.