புது வேலைக்கு முதல் நாள்: பஸ்ஸா, ரயிலா?

கொழும்பு வெள்ளவத்தையில் அறை, கோட்டையில் புது வேலை. ஊரிலிருந்து வந்த தம்பி தங்கச்சிமார் பலருக்கு முதல் நாள் இதே கேள்விதான்: எதில் போவது?

காலி வீதியில் (Galle Road) 100, 101 பஸ்கள் அடிக்கடி வரும். இரண்டுமே கோட்டைக்குப் பக்கத்திலுள்ள புறக்கோட்டை வரை போகும். சில்லறை கையில் இருந்தால் போதும். ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் பம்பலப்பிட்டியில் நெரிசலுக்குள் மாட்டினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று சொல்லவே முடியாது. முதல் நாள் அந்தப் பதற்றம் வேண்டாம்.

நான் ரயிலைத்தான் சொல்வேன். வீதி நெரிசல் அதைத் தொடாது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு எல்லாம் தாண்டினால் கோட்டை. கூட்டம் கடுமைதான், அயன் பண்ணிய சட்டை கசங்கும். வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து நீங்களும் தொங்காதீர்கள், தயவுசெய்து. உங்களுக்குத் தேவையான ரயிலுக்கு முந்தியதைப் பிடியுங்கள். அது வராவிட்டாலும் நேரம் கையில் இருக்கும். காலி வீதிக்கு நடந்துபோய் பஸ் ஏறலாம்.

பின்னேரம் திரும்பும்போது பஸ்ஸே சரி. புறக்கோட்டையிலேயே ஏறினால் பெரும்பாலும் இருக்க இடம் கிடைக்கும்.