மேமோகிராமுக்குப் பணம் கட்டுவதற்கு முன் சக்கர நாற்காலிப் பயனர்கள் கவனிக்க

சிறு வயதில் போலியோவால் இரு கால்களும் செயலிழந்த என் அக்காவுக்கு மார்பில் கட்டி தென்பட்டதும், மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட் இரண்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் உள்ளே இருந்த ஊழியர், "நிக்க முடியாதவங்களுக்கு இந்த மெஷின் ஒத்துவராதும்மா" என்று சொல்லி, அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். ரசீதில் இரண்டுக்குமான தொகை அப்படியே இருந்தது. அறிக்கையிலோ மேமோகிராமுக்கு எதிரே 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

பணத்தைவிட அந்த ஒரு வரியே எங்களை அதிகம் பதறவைத்தது. அடுத்துப் பார்க்கும் மருத்துவர் அதைப் படித்தால், பரிசோதனையை அக்காவே மறுத்துவிட்டதாகத்தான் நினைப்பார். மேலும், புற்றுநோயின் தொடக்க அடையாளமாக இருக்கக்கூடிய நுண்ணிய கால்சியப் படிவுகள் மேமோகிராமில் தெரிவதுபோல் அல்ட்ராசவுண்டில் தெரிவதில்லை என்பதால், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. நிற்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை: பிறகு வேறொரு மருத்துவமனையில் நாற்காலியின் கைப்பிடிகளைக் கழற்றி, கருவியின் தட்டை மார்பு உயரத்துக்கு இறக்கி, உட்கார்ந்த நிலையிலேயே படம் எடுத்தார்கள். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே 'உட்கார்ந்தபடி எடுப்பீர்களா' என்று எக்ஸ்ரே பிரிவிலேயே கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

முதல் மருத்துவமனையின் குறிப்பேட்டில் அக்காவின் எடையும் பார்வைக் கணிப்பாகவே எழுதப்பட்டிருந்தது. புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்துகள் பலவற்றின் அளவு உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், இதை விட்டுவிடாதீர்கள். சக்கர நாற்காலியோடு மேடைத் தராசில் எடைபோட்டு, வெறும் நாற்காலியின் எடையைக் கழிக்கச் சொல்லலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25ஆம் பிரிவு, தடையற்ற அணுகலை அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளுக்கும் சேர்த்தே பேசுகிறது. செய்யாத பரிசோதனைக்கு வாங்கிய பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. அணுகல் மறுக்கப்பட்டதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் தனியாக எழுதலாம். இரண்டுக்கும் ரசீதும் அறிக்கையும் தேவைப்படும் என்பதால், 'ஒத்துழைக்கவில்லை' என்ற வரியைத் திருத்தித் தருகிறோம் என்று மருத்துவமனை அழைத்தாலும், மூல அறிக்கையைக் கையைவிட்டுக் கொடுக்காமல் நகலை மட்டும் கொடுங்கள்.