13, 17, 38, 63: பிள்ளை பார்க்க எந்த வயது சரி?

பிரசவ லீவின் 84 வேலைநாளும் முடிந்து கந்தோருக்குத் திரும்பவேண்டிய கிழமை. "பிள்ளையை யார் பார்க்கிறது?" என்று கேட்ட எல்லோரிடமும் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டேன்: பார்க்கிறவருக்கு எத்தனை வயது இருக்கவேண்டும்?

லண்டனில் இருக்கும் மச்சாள் 16 என்றாள். கனடாவில் இருக்கும் அண்ணி, அங்கே 11 வயதிலேயே இதற்கு வகுப்பு வைத்துப் பழக்குகிறார்கள் என்றார். மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் பெரியம்மா சிரித்தார். "பத்து வயசில நான் மூணு தம்பிமாரையும் இடுப்பில வச்சு வளத்தனான்கா. மறுகா என்ன வயசுக் கணக்கு?"

மூன்று பேர் சொன்னதிலும் பொய்யில்லை. இங்கிலாந்துச் சட்டம் குறிப்பிட்ட ஒரு வயதைச் சொல்லவில்லை, ஆனால் என்.எஸ்.பி.சி.சி. என்ற அங்குள்ள சிறுவர் பாதுகாப்பு அமைப்பு, 16க்குக் குறைந்தவர்களிடம் பிள்ளையை விடவேண்டாம் என்கிறது. விட்டு ஏதும் நடந்தால் பொறுப்பு பெற்றோர் தலையில் வரலாம். கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் 11 முதல் 15 வயது வரையானவர்களுக்குப் பிள்ளை பார்க்கும் பயிற்சி நடத்துகிறது. ஆனால் அங்கே பேச்சு பெரும்பாலும் ஒரு மாலைப் பொழுதைப் பற்றியது. அம்மாவும் அப்பாவும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் மூன்று நான்கு மணித்தியாலம். எனக்கு வேண்டியது காலை 7 மணியிலிருந்து பின்னேரம் 5 மணி வரை, கிழமையில் ஐந்து நாள்.

பெரியம்மாவின் கணக்கிலும் ஒன்று விடுபட்டிருந்தது. அவர் தம்பிமாரைத் தூக்கித் திரிந்த வளவில் அவருடைய அம்மம்மா இருந்தார், இரண்டு சின்னம்மாமார் இருந்தார்கள். மட்டக்களப்பில் மகளுக்குத்தானே வீடு கொடுப்பது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். அதனால் தாய்வழிப் பெண்கள் ஒரே வேலிக்குள்ளோ அடுத்த வேலிக்குள்ளோ இருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை இடுப்பில் சுமந்தாள், உண்மைதான். அவளையும் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மூன்று வருடத்தில் வெவ்வேறு வயதுள்ள நான்கு பேரிடம் என் பிள்ளைகளை விட்டுப் பார்த்துவிட்டேன்.

13

பக்கத்து வீட்டு அக்காவின் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு மணித்தியாலம் பார்ப்பாள். விளையாட்டில் இவளை மிஞ்ச ஆளில்லை. என் மூத்தவளுக்கு மண்சோறு ஆக்கி நூறாவது தடவையும் சலிக்காமல் சாப்பிட்டுக் காட்டியது இவள் ஒருத்திதான்.

ஒருநாள் மூத்தவள் உரித்துப் போட்ட ரம்புட்டானை, தவழ்ந்து வந்த பத்து மாதச் சின்னவன் வாயில் போட்டுவிட்டான். சத்தமில்லை, முகம் மட்டும் நிறம் மாறியது. இந்தப் பிள்ளை விறைத்து நின்றாள். பிறகு "பெரியம்மா!" என்று ஊர் கேட்கக் கத்தினாள். கிணற்றடியில் நின்ற பெரியம்மா ஈரக் கையோடு ஓடிவந்து, மடியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். வெளியே வந்து விழுந்தது.

(ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முறை இதுதான்: தலை கீழே சரியக் குப்புறப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு. வராவிட்டால் நிமிர்த்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யவேண்டும். பெரியம்மா இதை எங்கும் படிக்கவில்லை. நான் பிறகுதான் தேடிப் படித்தேன்.)

அவளைப் பேச எனக்கு மனம் வரவில்லை. 13 வயது செய்யக்கூடிய மிகச் சரியான வேலையைத்தான் செய்தாள்: கூப்பிட்டாள். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது, அந்தச் சத்தம் போய்ச்சேரும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான். இருந்தால் 13 போதும், அதுவும் சில மணித்தியாலத்துக்கு. இல்லாவிட்டால் 13 வயதுக்காரியும் எனக்குப் பிள்ளைதான். அவளையும் ஒருவர் பார்க்கவேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். "படுவான்கரையில ஒரு பிள்ளை இருக்கு, 14 வயசு, நிப்பாட்டி வச்சிருக்கலாம், சம்பளமும் குறைவு" என்று வாவிக்கு மேற்கேயுள்ள அந்தப் பக்கத்து ஊர்களைக் காட்டி எனக்கும் ஒருவர் சொன்னார். இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக்கப்பட்டது. 16 வரை பள்ளிக்கூடமும் கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் என் பிள்ளைக்காக இன்னொருத்தியின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுப்பதை ஒப்பீட்டில் ஒரு தெரிவாக வைக்கவே எனக்கு விருப்பமில்லை.

17

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருந்த உறவுக்காரப் பிள்ளை. உடம்பில் பலம் உண்டு. ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பால் போத்தலையும் பிடித்துக்கொண்டு ஓடுவாள். கிளினிக் கொப்பியை வாசிப்பாள். பனடோல் பாணியை நான் எழுதி வைத்த அளவிலேயே கொடுப்பாள். கரண்டிக் கணக்கில் ஊற்றுவதில்லை. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்.

குறை, போன். கெட்ட பிள்ளையில்லை, ஆனால் கையில் போன் இருந்தால் ஐந்து நிமிடம் எங்கோ போய்விடுவாள். பேசினில் அரைச்சாண் தண்ணீர் இருந்தாலே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து, அதற்கு ஐந்து நிமிடமும் தேவையில்லை. குளிக்க வார்க்கும்போது போன் அலுமாரிக்குள் என்று விதி போட்டோம். முகம் கோணாமல் கேட்டாள், அதுவரை சரி.

நான் கணக்கில் எடுக்காதது வேறு. பெறுபேறு வந்தது, ஏ.எல். (உயர்தர) வகுப்பு தொடங்கியது, போய்விட்டாள். போகத்தானே வேண்டும். சின்னவன் ஒரு கிழமை படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். 17 வயதுக்காரி கிடைப்பது பரீட்சைக்கும் பெறுபேறுக்கும் நடுவிலுள்ள சில மாதங்களுக்கு மட்டும் என்பதை முதலே யோசித்திருக்கவேண்டும்.

38

பிறகு எனக்கு அம்பாறைக்கு இடமாற்றம். ஆரையம்பதியிலிருந்து கல்முனை வந்து, பஸ் மாறி, சம்மாந்துறை தாண்டிப் போகவேண்டும். தினமும் போய்வர முடியாமல் வாடகை வீடு எடுத்தோம். கூப்பிட்டால் வர அங்கே பெரியம்மா இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிங்களவர். நல்ல மனிதர்கள்தான், ஆனால் பதறிப்போய்க் கத்தும் தமிழ் அவர்களுக்கு விளங்கவேண்டுமே. ஊரில் சரியாக இருந்த 13, 17 எல்லாம் அந்த ஒரு வீடு மாறியதில் பிழையாகிவிட்டது.

சம்மாந்துறையிலிருந்து வந்த ராத்தாவுக்கு 38 வயது. சிங்களமும் பேசுவார். சவூதியில் வேலை செய்தபோது அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். முதல்நாளே வீட்டைச் சுற்றி நடந்து, மண்ணெண்ணெய்ப் போத்தலை உயரத்தில் வைத்தார்; வேலியோரத்து அலரி மரத்தைக் காட்டி, அதன் விதை நஞ்சு, கீழே கிடப்பதைத் தினமும் கூட்டவேண்டும் என்றார். சின்னவனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று, வாயில் கரண்டி வைக்காமல், பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்துவிட்டு முதலில் அடுத்த வீட்டைக் கூப்பிட்டு, பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். அந்த ஒழுங்கு எனக்கு இப்போதும் வியப்பு.

செலவு அதிகம். அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்கும் லீவு. ஆனாலும் நான்கு பேரில் தனியாக, முழுநாளுக்கு, கந்தோரில் கவலையின்றி இருக்கவைத்தவர் இவர் மட்டுமே.

ஒருநாள் கேட்டேன், சவூதியில் இருந்தபோது உங்கள் பிள்ளைகளை யார் பார்த்தது என்று. "மூத்த மகள்தான். அப்ப பன்னிரண்டு வயசு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

63

என் அம்மா. ஏணையில் கிடக்கும் பிள்ளைக்கு இவரைவிட நல்ல ஆள் உலகத்தில் இல்லை. அழுகையைக் கேட்டே பசியா, வயிற்று நோவா, நித்திரையா என்று பிரிப்பார்.

அதே அம்மா, பிள்ளை நடக்கத் தொடங்கியதும் எனக்குப் பயமாகிவிட்டார். முழங்கால் நோவு, சீனி வருத்தம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும். மாரியில் எங்கள் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும், கட்டோ தாழ்வு. ஒன்றரை வயதுப் பிள்ளை கிணற்றடிக்கு ஓடும் வேகத்துக்கு 63 வயது ஓட முடியாது. இதைச் சொன்னால் கோபம் வரும், வந்தது. "உன்னை வளக்கல்லியா நான்?" வளர்த்தீர்கள் அம்மா, அப்போது உங்களுக்கு 30. மூத்தவளுக்கு நாலு வயதானதும் அம்மா மறுபடி முதலிடத்துக்கு வந்துவிட்டார்: கதை சொல்வதற்கு இருந்த இடத்தைவிட்டு எழும்பத் தேவையில்லையே.

பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றையும் பார்த்தேன். அங்கே வயதைவிட, ஒருவருக்கு எத்தனை பிள்ளை என்பதுதான் கேள்வி. பதில் பிடிக்கவில்லை, திரும்பிவிட்டேன். அப்புறம், ஏன் எல்லோரும் பெண்பிள்ளையையே தேடுகிறோம் என்றும் தெரியவில்லை. 15 வயது மருமகன் ஒருவன் இரண்டு பின்னேரம் பார்த்தான். பம்பர்ஸ் மாற்றமாட்டேன் என்றதைத் தவிர ஒரு குறையுமில்லை.

எண்ணாகக் கேட்டால் என் பதில் இப்படி. நடக்காத பிள்ளைக்கு 63, வளவில் இன்னொரு பலமுள்ள ஆள் இருந்தால். நடக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று வயது வரை, தனியாக என்றால் 18க்குக் கீழே வேண்டாம், முழங்கால் நோவுக்காரரும் வேண்டாம். நாலு வயதுக்கு மேல் 15, 16 கூடச் சரி, இரண்டு மணித்தியாலத்துக்கு. யாரானாலும் முதலில் நான் அடுத்த வீட்டில் இருந்துகொண்டு ஒரு மணித்தியாலம் விட்டுப் பார்ப்பேன்.

வயது சொல்லாத ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட ஒருவரிடம் போக பிள்ளை திடீரென்று மறுத்தால், அவர் 13 ஆனாலும் 63 ஆனாலும், சொந்தமானாலும், வற்புறுத்தாமல் விசாரிக்கவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை நான் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டோம். பகலில் அம்மாவும் பெரியம்மாவும், பின்னேரம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும். அவளுக்கு இப்போது 15. கிணற்றுக்கு வலை போட்டாயிற்று. போன கிழமை சின்னவன் படலைக் கொளுக்கியைக் கழற்றப் பழகிவிட்டான், அதையும் மேலே மாற்றி அடித்தோம். அவனுக்கு எட்டாது, பக்கத்து வீட்டுக்காரிக்கு எட்டும், அம்மா குனியவும் தேவையில்லை.