பத்மினி பெட்ரோல் டேங்க்ல துரு எடுத்து மூணு மழைக்காலம் ஆச்சு, இதுவரைக்கும் என் அனுபவம்

அப்பா வாங்கின 1978 பிரீமியர் பத்மினி கார் எங்க வீட்டுல இன்னும் ஓடிட்டு இருக்கு. மும்பை செம்பூர்ல இருக்கோம், வண்டி பொறந்தது பக்கத்துல குர்லா ஃபேக்டரியில. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங்ல கியர். அப்பா போயி பல வருஷம் ஆச்சு, ஆனா அவர் பெட்ரோல் போட்ட கணக்கு எழுதின டைரி டேஷ்போர்டுல அப்படியே இருக்கு, நானும் அதுலயே தான் எழுதிட்டு வரேன்.

2020 லாக்டவுன்ல வண்டி கவர் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல நின்னுச்சு. டேங்க்ல கால்வாசி தான் பெட்ரோல். மும்பை கடல் காத்துக்கும் மழைக்கும் அது போதாதா, மேல காலியா இருக்குற இடத்துல ஈரக்காத்து புகுந்து ராத்திரி தண்ணியா வேர்த்து உள்ள பூரா துரு. திரும்ப எடுத்தப்போ ஸ்டார்ட் ஆச்சு, பத்து கிலோமீட்டர் போனா இழுவை இல்லாம திணறும், ஃபில்டரைக் கழட்டினா செங்கல் பொடி மாதிரி கொட்டும்.

முதல்ல ஒரு கராஜ்ல விட்டேன், அது தான் நான் பண்ணின பெரிய தப்பு. அவங்க டாய்லெட் கழுவுற ஆசிட் ஊத்தி அரிச்சு எடுத்துட்டு, சரியா காய வைக்காம உள்ளே கோட்டிங் ஊத்திக் கொடுத்துட்டாங்க. பழைய டேங்க் தகட்டுக்கு உள்பக்கம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிசான பூச்சு இருக்கும், துரு பிடிக்காம காப்பாத்துறதே அது தான், காரமான ஆசிட் அதையும் சேத்துத் தின்னுடும். அடுத்த வருஷமே கோட்டிங் அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்து டேங்க்ல இருந்து உறிஞ்சுற குழாய் வாயை அடைச்சுது. இப்போ பெட்ரோல்ல கலக்குற எத்தனாலும் அதுக்கு ஒரு காரணம்னு நினைக்கிறேன், ஆனா முக்கியமான காரணம் ஈரம் இருந்த தகட்டு மேல பூசினது தான்.

ரெண்டாவது தடவை நானே பண்ணினேன், 2022 நவம்பர்ல. மாசத்தைச் சும்மா சொல்லலை, மழை முடிஞ்சு காத்து காய்ஞ்ச அப்புறம் பண்ணினா தான் கழுவின தகடு மறுபடி துரு பிடிக்கிறதுக்குள்ள காய வைக்க நேரம் கிடைக்கும். சொசைட்டி காம்பவுண்ட்ல பெட்ரோல் வேலைக்கு விடமாட்டாங்க, அது சரியும் தான், அதனால மான்குர்த்ல ஃப்ரெண்டோட ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு, பெட்ரோல் முழுசா இறக்கிட்டு, சோப்புத் தண்ணி ஊத்தி நாலஞ்சு தடவை அலசினேன். இங்க யாரும் அவசரப்படாதீங்க. முழு டேங்கை விட காலி டேங்க் தான் ஆபத்து, உள்ளே நிக்குற ஆவி ஒரு பொறி பட்டாப் போதும்.

உரிஞ்ச கோட்டிங்கை எடுக்க தின்னர் ஊத்தி ஊற வச்சு, இரும்புச் சங்கிலியை ஒரு முனையில கயிறு கட்டி உள்ள விட்டு ரெண்டு பேர் மாத்தி மாத்திக் குலுக்கினோம். நட்டு போடாதீங்க, உள்ளே தடுப்புத் தகடு இருந்தா எங்கயாவது மாட்டிக்கும், அப்புறம் வெளிய வரவே வராது. அப்புறம் சிட்ரிக் ஆசிட், இங்க கடையில நிம்பு சத்னு கேட்டா தருவாங்க, குஜராத்திக்காரங்க லிம்பு நா ஃபூல்னு சொல்வாங்க. மூணு கிலோ வாங்கி வெந்நீர்ல கரைச்சு கழுத்து வரைக்கும் நிரப்பி ரெண்டு நாள் விட்டேன், நடுவுல டேங்கைப் பக்கம் மாத்தி வச்சேன். மெதுவா தான் வேலை செய்யும், ஆனா நல்ல இரும்பை அந்த டாய்லெட் ஆசிட் மாதிரி அரிச்சுத் தள்ளாது. தண்ணி பச்சையும் கறுப்புமா வந்துச்சு, உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா சாம்பல் நிறத் தகடு, அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

துரு போனதும் அது அடைச்சு வச்சிருந்த ஓட்டை எல்லாம் தெரிஞ்சுது. தாராவியில ரேடியேட்டர் வேலை பாக்குற ஒரு அண்ணாச்சிகிட்ட போனேன், திருநெல்வேலிப் பக்கம். கையில வாங்கி வெயில்ல பிடிச்சுப் பாத்துட்டு, "தம்பி, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை தெரிஞ்சா தெரியாம அஞ்சு இருக்கும், இதை வெல்டிங்னு யார்கிட்டயும் கொண்டு போயிராதீங்க"ன்னார். டேங்க்ல தண்ணி நிரப்பி ஓட்டை இருக்குற இடத்தை மட்டும் மேல வர மாதிரி சாய்ச்சு வச்சு, தனியா அடுப்புல காய வச்ச செம்புக் கட்டையால ஈயம் வச்சார். டேங்க் பக்கமே நெருப்பு கொண்டு வரலை. அப்புறம் காத்து அடைச்சுத் தொட்டியில முக்கி ஒவ்வொரு மூலையா பாத்தார், அவர் சொன்ன மாதிரியே இன்னும் மூணு இடத்துல குமிழி வந்துச்சு. 1800 ரூபா வாங்கினார், அதுக்கு மேலயே கொடுக்கலாம்.

திரும்ப ஷெட்டுக்குக் கொண்டு வந்து சோடா உப்புத் தண்ணியில அலசி, நல்ல தண்ணியில அலசி, உடனே ப்ளோயர் வச்சு மூணு மணி நேரம் காய வச்சேன் (பெட்ரோல் வாடை துளி கூட இல்லைன்னு உறுதி பண்ணின அப்புறம் தான்). கடைசியா ஒரு லிட்டர் பெட்ரோல்ல 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்துற ஆயில்) கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் பட உருட்டி எடுத்தேன். கோட்டிங் போடலை. நிறைய பேர் ஏன் போடலைன்னு கேட்டாங்க. தகடு கெட்டியா இருந்தா கோட்டிங் வேண்டாம்ங்கிறது என் முடிவு, வெறும் தகட்டுல துரு வந்தா ஃபில்டர்ல தெரியும், கோட்டிங்குக்கு அடியில வந்தா உரியுற வரைக்கும் தெரியாது.

டேங்க் மட்டும் பண்ணினாப் பத்தாது. முன்னாடி வரைக்கும் போற இரும்புக் குழாயை பம்ப் பக்கம் கழட்டிக் காத்தடிச்சா அதுலயும் துரு கொட்டுச்சு. ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்தினேன், சாதா ஹோஸ் எத்தனாலுக்கு உப்பி உள்ள நொறுங்கும், ஹோஸ் மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு அச்சு இருக்கான்னு பாத்து வாங்குங்க. மெக்கானிக்கல் பம்ப்ல டயாஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளுற சவ்வு) கிட் போட்டேன். அந்த டயாஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் இன்ஜின் ஆயில்ல இறங்கும், ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்ல ஆயில் ஏறிட்டே போச்சுன்னா மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை வந்தா வண்டியை ஓட்டாதீங்க. பம்புக்கு முன்னாடி உள்ளே தெரியுற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர். எல்லாம் சேத்து எனக்கு 9000 சொச்சம் ஆச்சு.

இவ்வளவு பண்ணியும் மூணாவது வாரம் ஈஸ்டர்ன் ஃப்ரீவேல நின்னு போச்சு. இருபது நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் மூச்சு அடைக்கும், கொஞ்ச நேரம் நிறுத்தினா மறுபடி ஓடும். கார்பரேட்டரை ரெண்டு தடவை பிரிச்சு ஜெட்டெல்லாம் (பெட்ரோலை அளவா விடுற சின்ன ஓட்டைங்க) ஊதினேன், ஒண்ணும் இல்லை. கடைசியில ஓரங்கட்டி டேங்க் மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்குது! குர்லா சிஎஸ்டி ரோட்ல வாங்கின புது மூடியில காத்து போற ஓட்டையே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் ஆகி பம்ப் இழுக்க முடியாம நிக்குது. பழைய மூடியைச் சுத்தம் பண்ணிப் போட்டேன், அன்னைக்கோட அந்தத் தொல்லை போச்சு. உங்க வண்டி இப்படி நின்னா கார்பரேட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து பாருங்க.

2023, 2024, 2025 மூணு மழையும் தாண்டியாச்சு. முதல் மாசம் ஃபில்டர் நாலு தடவை மாத்தினேன், இப்போ வருஷத்துக்கு ஒண்ணு, அதுலயும் லேசா ஒரு கறை தான். நடுவுல பங்க்ல ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துடுச்சு. எத்தனால் தண்ணியை இழுக்கும், தண்ணி அளவு மீறினா ரெண்டும் சேந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கும், குழாய் உறிஞ்சுற இடமும் அதே அடி தான். மழையில டேங்கை நிரப்பி வச்சா வேர்க்குறது குறையும், ஆனா நிரப்பின பெட்ரோல் மாசக்கணக்கா நிக்கவும் கூடாது. அதனால ஞாயித்துக்கிழமை விடியக்காலையில செம்பூர்ல இருந்து மரீன் டிரைவ் போயிட்டு வந்து, குறைஞ்ச அளவை அன்னைக்கே நிரப்பிடுறேன். பிளக் ரொம்ப வெளுப்பா எரிஞ்சதால மெயின் ஜெட் ஒரு நம்பர் பெருசு போட்டேன், திணறல் போச்சு. மைலேஜ் டைரிக் கணக்குப்படி 12ல இருந்து 11க்கு இறங்கிருக்கு.

பார்ட்ஸ் தான் இனிமே கவலை. கடைசி பத்மினி டாக்ஸி தார்தேவ் ஆர்டிஓல பதிவானது 2003 அக்டோபர் 29, 20 வருஷ வரம்பு முடிஞ்சு 2023 அக்டோபர்ல அதுவும் ரோட்டை விட்டுப் போச்சு. டாக்ஸி ஓடின வரைக்கும் பம்ப் கிட் கேட்டதும் எடுத்துக் கொடுத்த கடையில இப்போ "அடுத்த வாரம் வாங்க"ங்கிறாங்க. டயாஃப்ரம் ரெண்டு செட் வாங்கி வச்சிருக்கேன், நீங்களும் கண்ணுல பட்டா எடுத்து வச்சுக்கோங்க.

இன்னும் பாக்கி இருக்குறது பெட்ரோல் மீட்டர். டேங்க் நிறைஞ்சிருந்தாலும் முக்கால் தான் காட்டுது. எர்த் ஒயரைச் சுரண்டிப் புதுசா போட்டும் மாறலை, அதனால டேங்க் உள்ளே இருக்குற ஃப்ளோட்ல (மிதவை) பெட்ரோல் ஏறியிருக்கும்னு சந்தேகம். இந்தத் தீபாவளி லீவுல கழட்டி, வெந்நீர்ல முக்கி குமிழி வருதான்னு பாத்து, அதையும் அண்ணாச்சிகிட்ட தான் கொண்டு போகணும்.