இரவில் ஊறும் ஓட்ஸ்: பசுப்பாலா, பால்மாவா, தயிரா, தேங்காய்ப்பாலா?

புட்டு அவிக்கவோ இடியப்பம் பிழியவோ நேரமில்லாத வேலைநாட்களுக்கு, இரவே ஊறவைத்துக் காலையில் எடுத்துச் சாப்பிடும் ஓட்ஸ் நல்ல மாற்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒன்றிரண்டு நாள் செய்துவிட்டுக் கைவிடுபவர்கள் சொல்லும் குறை இரண்டுதான்: "பசை மாதிரி இருக்கு", "புளிச்சுப் போச்சு". பசையாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்ஸின் வகை. புளிப்பதற்குக் காரணம் எதில் ஊறவைத்தோம், எங்கே வைத்தோம் என்பது.

வகையை முதலில் முடித்துவிடலாம். வாங்க வேண்டியது ரோல்ட் ஓட்ஸ். அவலைப்போலத் தட்டையாக, முழு இதழாக இருக்கும். உடனடி ஓட்ஸ் மெல்லிதாகவும் சிறு துண்டுகளாகவும் இருப்பதால் கால் மணி நேரத்திலேயே ஊறிவிடும். எட்டு மணி நேரம் கிடந்தால் களிதான். அதுதான் வீட்டில் இருக்கிறதென்றால் காலையில் எழுந்தவுடன் ஊறப்போட்டுக் குளித்துவிட்டு வந்து சாப்பிடுங்கள். நறுக்கிய முழுத்தானிய ஓட்ஸ் ஓரிரவில் போதிய அளவு மெதுமையாகாது.

ஒருவருக்கு ஓட்ஸ் அரைக் கோப்பை, அதாவது ஏறக்குறைய 40 கிராம். சியா விதை தேடி அலைய வேண்டாம். சர்பத்துக்குப் போடும் கறுத்தக் கசகசா (சப்ஜா விதை) ஒரு தேக்கரண்டி அதே வேலையைச் செய்யும். கசகசா சேர்த்தால் இரண்டு மேசைக்கரண்டி திரவம் கூட்டுங்கள். கலக்கிப் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கிளற வேண்டும், இல்லையேல் கசகசா அடியில் கட்டியாகிவிடும். ஒரு சிட்டிகை உப்பு சுவையைத் தூக்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை.

இனித் திரவம். பசுப்பாலை மட்டும் ஊற்றினால் முக்கால் கோப்பை. வீட்டுக்கு வரும் கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, ஆடையை எடுத்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரத்தில் சூட்டோடு ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சூட்டில் ஓட்ஸின் மாப்பொருள் வெந்து இழுபடத் தொடங்கும். பிறகு பிரிட்ஜில் வைத்தாலும் அந்த வழுவழுப்புப் போகாது.

பால்மா வசதியானது, சுவையில் சற்றுத் தட்டை. இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் கொஞ்ச இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு கொதித்தாறிய தண்ணீர் விட்டு முக்கால் கோப்பையாக்குங்கள். மாவை நேரே ஓட்ஸில் தூவினால் காலையில் கரண்டிக்குக் கரண்டி மாவுருண்டை அகப்படும்.

தயிர் தனியாகச் சரிவராது. அதன் கெட்டித்தன்மையில் ஓட்ஸுக்கு உறிஞ்ச ஈரம் போதாமல் நடுப்பகுதி வறண்டிருக்கும். ஆனால் அரைக் கோப்பை பாலும் கால் கோப்பை தயிரும் கலந்தால், நான்கு வழிகளிலும் இதுவே சிறந்தது: இதழ் குலையாது, மெல்லிய புளிப்பு இருக்கும், வயிறும் நிறையும். தயிர் புதிதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே புளித்த தயிர் காலையில் பழத்தோடு ஒட்டாது.

பால் ஒத்துவராதவர்களுக்குத் தேங்காய்ப்பால். இங்கே முதற்பாலை ஊற்றுவதுதான் பிழை. தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். பிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது மேலே வெள்ளை ஓடு, கீழே தண்ணீர். இரண்டாம் பால் முக்கால் கோப்பை எடுங்கள். குட்டானிலிருந்து (சிறு பனையோலைப் பெட்டி) எடுத்த பனங்கட்டி ஒரு மேசைக்கரண்டி அளவு சீவி, வெந்நீரில் கரைத்து, வடித்து, ஆறவிட்டுச் சேருங்கள். வடிக்காவிட்டால் மண் கடிபடும். இதில் புரதம் குறைவு என்பதால் வறுத்து இடித்த கச்சான் (நிலக்கடலை) ஒரு கைப்பிடி காலையில் தூவுவது நல்லது. பால், பால்மாவில் செய்தது இரண்டு நாள் நிற்கும். தேங்காய்ப்பாலில் செய்ததை மறுநாள் காலையே முடித்துவிட வேண்டும்.

பழம் எதுவானாலும் காலையில்தான். கதலி, இதரை வாழைப்பழங்களை இரவில் வெட்டிப் போட்டால் கறுக்கும். பப்பாசியிலும் அன்னாசியிலும் உள்ள நொதியங்கள் பாலின் புரதத்தை உடைப்பதால், இரவே சேர்த்தால் கசக்கும். கறுத்தக்கொழும்பான் காலத்தில் வேறெதுவும் வேண்டாம்; அரை மாம்பழமும் பால்தயிர்க் கலவையும் போதும், சீனிகூடத் தேவையில்லை.

இனிப்பு விரும்பாதவர்கள் பாலைக் குறைத்துத் தயிரைக் கூட்டி, காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் வெட்டிப் போட்டு, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாம். தாளிதம் ஆறிய பிறகு கொட்டுங்கள். வெங்காயத்தை இரவே போட்டால் போத்தல் முழுக்க அதன் வாடைதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வைக்கும் இடம். பழஞ்சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி அடுப்படியில் வைக்கும் பழக்கத்தில் இதையும் வெளியே வைத்துவிடக் கூடாது. நம் ஊர் வெக்கையில் பாலும் தேங்காய்ப்பாலும் விடியும்வரை தாங்காது. மூடியிட்ட போத்தலை பிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுத்தட்டு அடிக்கடி சூடேறும். இரவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போயிருந்தால் மணந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.