எல்.பி.ஏ. என்ற அதிகாரப் பத்திரம் எழுதுவதா, கோர்ட்டுக்குப் போவதா? இங்கிலாந்தில் இரண்டு வீடுகளில் பார்த்தது

சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது சித்தி பணத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "எல்லாம் ரெண்டு பேரின் பெயரிலும்தானே இருக்கு" என்றார். வீடும் ஜொயின்ட், வங்கிக் கணக்கும் ஜொயின்ட். சித்தப்பா பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. அதுவே பெரிய தொகை.

சித்தப்பாவால் இனி முடிவெடுக்க முடியாது என்று வங்கிக்குத் தெரிந்ததும் சேமிப்புக் கணக்கு அப்படியே நின்றுபோனது. ஜொயின்ட் கணக்கிலும் அவசியச் செலவுகளைத் தவிர மற்றதை நிறுத்தினார்கள். வங்கி அப்படிச் செய்யலாம். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி என்பது இங்கே ஒரு சட்ட அதிகாரமே இல்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் எழுதும் 'நெக்ஸ்ட் ஒப் கின்' (நெருங்கிய உறவினர்) என்ற சொல்லுக்கும் அதே கதிதான். டாக்டர்கள் குடும்பத்திடம் கேட்பார்கள், ஆனால் நோயாளிக்கு எது நல்லது என்ற முடிவு டாக்டர்களுடையது.

ஆகவே ஜொயின்ட் கணக்கை ஒரு மாற்று வழியாகவே நான் எண்ணுவதில்லை. வங்கியில் எழுதிக் கொடுக்கும் அனுமதிக் கடிதமும், நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் சாதாரண பவர் ஒப் அற்றோர்னியும் அப்படித்தான். எழுதிக் கொடுத்தவர் நினைவோடு இருக்கும்வரைதான் அவை செல்லும். நமக்கு மிகவும் தேவைப்படும் அன்றைக்கே செத்துவிடும்.

மிஞ்சுவது இரண்டு வழி. நினைவோடு இருக்கும்போதே, நினைவு போன பிறகும் செல்லும் லாஸ்டிங் பவர் ஒப் அற்றோர்னி, அதாவது எல்.பி.ஏ., எழுதி வைப்பது. அல்லது, நினைவு போன பிறகு குடும்பத்தில் ஒருவர் முடிவெடுக்க முடியாதவர்களின் விஷயங்களைப் பார்க்கும் கோர்ட் ஒப் புரொடெக்‌ஷனுக்கு விண்ணப்பித்து, அது நியமிக்கும் 'டெபியூட்டி' (பொறுப்பாளர்) ஆவது. இரண்டும் 2005ஆம் ஆண்டின் மெண்டல் கப்பாசிட்டி (முடிவெடுக்கும் திறன்) சட்டத்தில் வருபவை. நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்கொட்லாந்தில் சட்டமும் படிவமும் வேறு.

சித்தி இரண்டாவது வழியில் போகவேண்டி வந்தது. விண்ணப்பக் கட்டணம் மட்டும் 400 பவுணுக்கு மேல். கப்பாசிட்டி இல்லை என்று டாக்டர் நிரப்பிய படிவம் வேண்டும். டெபியூட்டி பணத்தைத் தவறாகக் கையாண்டால் ஈடுகட்ட ஒரு பொண்ட் எடுக்க வேண்டும். மேற்பார்வைக்கு ஆண்டுக்கு 320 பவுண் வரை கட்ட வேண்டும். வருடாவருடம் கணக்கு எழுதி அறிக்கை அனுப்ப வேண்டும். ரசீதுகளைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்து, மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு சித்தி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். உத்தரவு வருவதற்கே பல மாதம் போய்விட்டது. அதுவும் பண விஷயத்துக்கு மட்டும். உடல்நல முடிவுகளுக்கு டெபியூட்டி போடுவதை கோர்ட் அபூர்வமாகத்தான் செய்யும்.

அம்மாவும் அப்பாவும் இதைப் பார்த்த பிறகுதான் எல்.பி.ஏ. எழுதச் சம்மதித்தார்கள். அதுவரை "இப்ப ஏன் அபசகுனமாய்க் கதைக்கிறாய்" என்பதுதான் பதில். இரண்டு வகை உண்டு: சொத்து, பணத்துக்கு ஒன்று, உடல்நலம், பராமரிப்புக்கு ஒன்று. முதலாவதை, எழுதியவர் சம்மதித்தால், பதிவானதும் பயன்படுத்தலாம். அம்மாவுக்கு நடக்கக் கஷ்டமானபோது அவரின் வங்கி வேலையை நான் பார்த்தது அதை வைத்துத்தான். இரண்டாவது, எழுதியவரால் முடிவெடுக்க முடியாதபோது மட்டுமே உயிர் பெறும். பதிவுக் கட்டணம் 2025 நவம்பர் முதல் ஒன்றுக்கு 92 பவுண். ஆண்டு வருமானம் 12,000 பவுணுக்குக் குறைந்தால் பாதி. வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவியான பென்ஷன் கிரெடிட்டில் 'கரன்டீ கிரெடிட்' என்ற பகுதியை வாங்குபவர்களுக்குப் பொதுவாகக் கட்டணமே இல்லை. தம்பதி இருவரும் இரண்டு வகையும் எழுதினாலும் முழுக் கட்டணத்தில் 368 பவுண்தான். சித்தி விண்ணப்பத்துக்கு மட்டும் கட்டியதைவிடக் குறைவு.

காசு குறைவாக இருந்தால் ஒன்றை மட்டும் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பணத்துக்குப் பின்னால் கோர்ட் வழியாவது இருக்கிறது, உடல்நலத்துக்கு அதுவும் அநேகமாக இல்லை. இரண்டையும் எழுதுங்கள் என்பேன்.

யாரை அற்றோர்னியாக, அதாவது நமக்காகச் செயல்படுபவராக, போடுவது என்பதில்தான் நம் வீடுகளில் சிக்கல். பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று எல்லாரையும் 'சேர்ந்தே செயல்படவேண்டும்' என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் எல்லாரும் வேண்டும். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, மாற்று ஆளைக் குறிப்பிடாவிட்டால் பத்திரமே முடிந்துவிடும். 'சேர்ந்தோ தனித்தோ' என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரி. ஒரு பிள்ளையை நம்பித் தனியாகக் கையெழுத்துப் போட விடமுடியாது என்றால், அந்தப் பிள்ளையைப் போடாமல் விடுவதே நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கணவன் மனைவி பெயரில் வீடு இருந்து, ஒருவருக்கு மற்றவர் மட்டுமே அற்றோர்னி என்றால், வீட்டை விற்கும்போது அவர் ஒருவரே இரண்டு பேருக்குமாகப் பணத்தைப் பெற்றுக்கொள்ள முடியாது. இரண்டு ஆட்கள் வேண்டும். பிள்ளை ஒருவரையும் சேர்த்துப் போட்டால் அந்தப் பிரச்சினை வராது.

சொலிசிற்றரிடம் (சட்டத்தரணி) போவதா, நாமே ஒன்லைனில் செய்வதா? வீடு ஒன்று, பென்ஷன், ஒத்துப்போகும் பிள்ளைகள் என்றால் நாமே செய்யலாம். அரசின் இணையதளம் படிப்படியாகக் கேட்கும், அதை அச்செடுத்துக் கையெழுத்து வைக்கவேண்டும். வியாபாரம், இரண்டாம் திருமணம், சகோதரச் சண்டை இருந்தால் சொலிசிற்றரிடம் போங்கள். அந்தச் செலவு வீண் போகாது. நாமே செய்யும்போது வரும் பெரிய பிழை கையெழுத்து வரிசை. முதலில் எழுதிக் கொடுப்பவர், பிறகு சேர்டிபிகேட் புரொவைடர் (யார் என்று கீழே சொல்கிறேன்), கடைசியில் அற்றோர்னிகள். என் தம்பி அவசரத்தில் முதலே கையெழுத்து வைத்துவிட்டான். அப்பாவின் படிவம் திரும்பி வந்து, முதலிலிருந்து செய்தோம்.

சேர்டிபிகேட் புரொவைடர் என்பவர், எழுதுபவர் விளங்கித்தான் எழுதுகிறார், யாரும் வற்புறுத்தவில்லை என்று உறுதி சொல்பவர். இரண்டு வருடமாவது நன்றாகத் தெரிந்தவராகவோ, டாக்டர், சொலிசிற்றர் போன்றவராகவோ இருக்கலாம். மருமகன், மருமகள், சம்பந்தி எவரும் ஆகாது. நாம் மாமா என்று கூப்பிடும் குடும்ப நண்பர் ஆகலாம், உண்மையான தாய்மாமா ஆகமாட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆகவே கோயிலில் பதினைந்து வருடமாகப் பழகிய ஒரு ஆசிரியை வந்து, எங்களை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத் தமிழில் விளக்கமாகக் கேட்டார். ஒரு சொலிசிற்றரின் அவசரக் கேள்விகளைவிட அது நேர்மையான சோதனை என்றே நினைக்கிறேன்.

எல்.பி.ஏ.யால் முடியாததும் உண்டு. அற்றோர்னி உயில் எழுத முடியாது. பேரப்பிள்ளையின் கல்யாணத்துக்கு நியாயமான அளவு அன்பளிப்புக் கொடுக்கலாம், வீட்டை ஒரு பிள்ளையின் பெயருக்கு மாற்ற கோர்ட் அனுமதி வேண்டும். எழுதியவர் இறந்ததும் அதிகாரம் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துக் காணிக்கு அங்கே தனி அற்றோர்னித் தத்துவம்தான்.

டிமென்ஷியா என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆரம்ப நிலையில் விளங்கிக் கையெழுத்து வைக்க முடிந்தால் எழுதலாம். ஆனால் அந்த வாசல் எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. பதிவுக்கும் 8 முதல் 10 வாரம் எடுக்கும்.

உடல்நலப் படிவத்தில் விருப்பங்களை எழுத ஓர் இடம் உண்டு. கட்டாயமான கட்டளைகளுக்கு வேறு பெட்டி. கட்டளை பிழையாக எழுதப்பட்டால் பதிவே சிக்கலாகும் என்பதால் அதை வெறுமையாக விட்டோம். விருப்பத்தில் அம்மா எழுதச் சொன்னது: சைவச் சாப்பாடு மட்டும், யாராவது தன்னோடு தமிழில் கதைக்கவேண்டும். சித்தியும் தன்னுடையதைப் போன வாரம் தபாலில் போட்டுவிட்டார், மகளையும் மகனையும் 'சேர்ந்தோ தனித்தோ' என்று.