ஈபேர்ட் செயலி: காகத்தையும் எண்ணுங்கள்

கோர்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும் தரவுத்தளத்துக்கு நாம் எண்ணும் பறவைகளை அனுப்பும் இலவசச் செயலி ஈபேர்ட். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பல்கனிக்கு இது தோதா என்றால், தோதுதான். காகத்தையும் மைனாவையும் சலிக்காமல் எண்ணும் பொறுமை வேண்டும், அவ்வளவே.

வைஃபை உள்ள இடத்தில் இலங்கைக்கான பறவைப் பொதியை (இங்குள்ள பறவைப் பெயர்களின் தொகுப்பு) இறக்கி வைத்துவிட்டால் பிறகு டேட்டா இல்லாமலும் பட்டியல் எழுதலாம். தொடங்கும்போதே பட்டியலைத் திறந்தால் நேரத்தையும் நடந்த தூரத்தையும் போனே குறித்துக்கொள்ளும். நிறுத்த மறந்து பஸ் ஏறினால் பஸ் ஓடிய தூரமும் அதில் சேரும், கவனம். பேர வாவியில் கூழைக்கடாக்கள் கூட்டமாக வட்டமடித்தால் முதலில் பத்தை எண்ணி, அதே அளவு எத்தனை தரம் வரும் என்று பார்த்துப் பெருக்குங்கள். எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ போட்டு ஒப்பேற்றினால் பறவை இருந்தது என்பது மட்டுமே பதிவாகும். தொகை கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது உதவாது. புலுனிக் கூட்டம் ஒன்றே மூன்று தரம் வந்துபோகும். மூன்றையும் கூட்டாமல், ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையைப் போடுங்கள்.

பலர் சறுக்குவது செயலி கேட்கும் கடைசிக் கேள்வியில்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா? ‘காகமெல்லாம் ஒரு பறவையா’ என்று விட்டுவிட்டு ‘ஆம்’ என்று தட்டினால், அங்கே காகம் தென்படவில்லை என்றே ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். காகமில்லாத கொழும்பு! விட்டிருந்தால் ‘இல்லை’ என்பதே சரி. கழுத்து சாம்பல் நிறமா, முழுக்கக் கறுப்பா என்று தெரியாமல் பறந்துபோனதைப் பொதுவாகக் ‘காக இனம்’ என்று பதியவும் இடமுண்டு.

குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் இதே ஆய்வகத்தின் இன்னொரு செயலி. தலங்கம வாவிக்கரையில் விடியற்காலை கைகொடுக்கும்; காலி வீதி இரைச்சலில் மெல்லிய குரல்களைத் தவறவிடும். அது காட்டும் பெயரை நீங்களே கண்டோ கேட்டோ உறுதிசெய்யாமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

வீட்டில் எண்ணியதை அருகிலுள்ள பூங்காவின் பெயரில் போடாமல் தனி இடமாகவே குறியுங்கள். நீங்கள் இடும் இடப்பெயர் எல்லோர் கண்ணிலும் படும் என்பதால் வீட்டிலக்கத்தை எழுதாமல் ‘வெள்ளவத்தை, மேல்மாடி’ என்ற அளவில் நிறுத்துங்கள். பழக நல்ல சமயம் பெப்ரவரியில் நாலு நாள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு. ஒரு தடவைக்கு 15 நிமிடம் நின்றாலே போதும்.